'ஒண்ணுமில்லப்பா... கேஸ்தான்!' - நடுவானில் உடம்புக்கு முடியாமல் போனால் என்ன நடக்கும்?

"இந்த விமானத்தில் டாக்டர் யாராவது பயணம் செய்கிறீர்களா?"

சினிமாவில் இந்த அறிவிப்பைக் கேட்டிருப்பீர்கள். அடிக்கடி ஃப்ளைட்டில் போகிறவர் என்றால் நேரிலேயே கேட்டிருக்கலாம். அந்த நொடியில் எல்லோரும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஒரே திசையில் எட்டிப் பார்ப்பார்கள். யாருக்கு என்ன ஆச்சு, மருந்து இருக்கா, ஃப்ளைட்டை எங்கேயாவது இறக்கிடுவாங்களா என்று மனசு ஓடும். பக்கத்தில் ஆஸ்பத்திரி எங்கே என்று மேப்பில் தேடவும் முடியாது. எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும், அது 11 கிலோமீட்டர் கீழே இருக்கிறது.

'எனக்கு 25 வயசு, ஜிம் போற உடம்பு, இதெல்லாம் எனக்கெதுக்கு?' என்று தோன்றலாம். ஆனால், அக்காவின் பிரசவத்துக்காக டெக்சாஸுக்குத் தனியாகப் பறக்கப்போகும் அம்மாவுக்கு டிக்கெட் போட்டுக் கொடுப்பது நீங்கள்தானே? சுகர், பிபி, முட்டிவலி மூன்றையும் கூடவே கூட்டிக்கொண்டு 20 மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்யப்போகிறவர் அவர். அவருக்காகவாவது படித்துவிடுங்கள்.

கோட் ஹேங்கர், பிராந்தி, ஒரு தண்ணீர் பாட்டில்

1995 மே மாதம். ஹாங்காங்கிலிருந்து லண்டன் போகும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம். கிளம்புவதற்கு முன்பே ஒரு பெண் பயணி கை வலிக்கிறது என்கிறார். ஏர்போர்ட்டுக்கு வரும் வழியில் மோட்டார் பைக்கிலிருந்து விழுந்திருக்கிறார். அதே விமானத்தில் இருந்த எலும்பு சிகிச்சை நிபுணர் ஆங்கஸ் வாலஸும், இன்னொரு இளம் டாக்டரும் பார்த்துவிட்டு கைக்குக் கட்டுப் போட்டார்கள்.

விமானம் மேலே ஏறியபின் அவருக்கு நெஞ்சில் கடுமையான வலி, மூச்சுத்திணறல். நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்துக்கொண்டு அதை நசுக்குகிறது என்பது டாக்டர்களுக்குப் புரிந்துவிட்டது. அந்தக் காற்றை வெளியே எடுக்காவிட்டால் உயிர் போய்விடும். விமானத்தின் மருத்துவப் பெட்டியில் சிறுநீர் வெளியேற்றும் ரப்பர் குழாய் ஒன்று இருந்தது. அது வளையாமல் உள்ளே போக, கோட் மாட்டும் ஹேங்கரின் கம்பியை அதற்குள் நுழைத்தார்கள். கிருமிநாசினிக்கு பிராந்தி. வெளியே வரும் காற்று திரும்ப உள்ளே போகாமல் இருக்க, பாதி தண்ணீர் உள்ள பாட்டிலில் குழாயின் மறுமுனை. பெட்டியில் இருந்த மரத்துப்போகும் ஊசியைப் போட்டு, சீட்டிலேயே ஆபரேஷனை முடித்தார்கள். சில நிமிடங்களில் அவருக்கு மூச்சு சீரானது. லண்டன் வரை நல்லபடியாக வந்து சேர்ந்தார். வாலஸ் அதே வருடம் இதை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் கோட் ஹேங்கரோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இந்தப் பிரச்னை வானத்தில் ஆரம்பிக்கவில்லை. ஏர்போர்ட் போகிற ரோட்டிலேயே ஆரம்பித்துவிட்டது. உயரம் அதைப் பெரிதாக்கியது, அவ்வளவுதான். நடுவானில் நடக்கும் பல எமர்ஜென்சிகளின் கதையும் இப்படித்தான்.

20 நிமிடத்தில் ஊட்டி

உயரம் எப்படிப் பெரிதாக்கும்? விமானம் 36,000 அடியில் பறந்தாலும், உள்ளே காற்றை அழுத்தி வைத்திருப்பார்கள். ஆனால், தரையில் இருக்கும் அளவுக்கு அழுத்துவதில்லை. அப்படிச் செய்தால் விமானத்தின் உடம்பு அதைத் தாங்கும் அளவுக்குக் கனமாக இருக்க வேண்டும். அதனால் கேபினுக்குள் அதிகபட்சம் 8,000 அடி உயர மலையில் இருக்கும் காற்றழுத்தத்தை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புது விமானங்களில் இது சுமார் 6,000 அடி.

8,000 அடி என்றால் ஊட்டி டவுனைவிடக் கொஞ்சம் மேலே, தொட்டபெட்டா சிகரத்தைவிடக் கொஞ்சம் கீழே. மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி மெதுவாக ஏறும் அந்த உயரத்தை, சீட் பெல்ட் போட்டபடி 20, 25 நிமிடத்தில் ஏறிவிடுகிறீர்கள்.

கொரோனா சமயத்தில் வீட்டுக்கு வீடு பல்ஸ் ஆக்சிமீட்டர் வாங்கினோமே, ஞாபகம் இருக்கா? தரையில் 97, 98 காட்டும் உங்கள் விரல், விமானத்தில் 92, 93 காட்டலாம். ஆரோக்கியமான ஆளுக்கு இது தெரியக்கூட தெரியாது. ஆனால், ஏற்கெனவே இதயம் பலவீனமாக இருப்பவருக்கும், ஆஸ்துமாவோ நாள்பட்ட நுரையீரல் பிரச்னையோ இருப்பவருக்கும் இந்தக் கொஞ்சம் குறைவே பெரிய சுமை. ரத்தசோகை இருப்பவர்களையும் இந்த லிஸ்ட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூடவே கேபின் காற்றில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். தொண்டை, கண் எல்லாம் காய்ந்துவிடும். அதில் நம்ம அம்மாக்கள் 'அடிக்கடி பாத்ரூம் போகணுமே' என்று தண்ணீரே குடிக்க மாட்டார்கள். முந்தைய ராத்திரி பேக்கிங், பதற்றம், தூக்கமில்லை. காலையில் சாப்பிடவும் இல்லை. இப்படி மணிக்கணக்கில் உட்கார்ந்துவிட்டு சடாரென்று எழுந்தால் என்ன ஆகும்? மயக்கம்தான்.

2008 ஜனவரியிலிருந்து 2010 அக்டோபர் வரை, ஐந்து விமான நிறுவனங்களில் நடந்த 11,920 மருத்துவ எமர்ஜென்சிகளை ஆராய்ந்து, 2013-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு கட்டுரை வந்தது. சுமார் 604 விமானங்களுக்கு ஒன்றில் இப்படி நடந்திருக்கிறது. அதில் 37 சதவீதம் மயக்கம், அல்லது மயக்கம் வருவதுபோன்ற நிலை. அடுத்தது மூச்சுப் பிரச்னை, 12 சதவீதம். அப்புறம் குமட்டல், வாந்தி. இதயம் சம்பந்தப்பட்ட அறிகுறிகள் சுமார் 8 சதவீதம்தான். இதயம் முழுசாக நின்றுபோனது 0.3 சதவீதம். அதாவது சினிமாவில் காட்டுவது அபூர்வம். மயங்கி விழுகிறவர்களில் பெரும்பாலானோர் படுக்கவைத்து, காலை உயர்த்தி, கொஞ்ச நேரம் விட்டால் தெளிந்துவிடுவார்கள்.

நிஜமாவே கேஸ்தானா?

நம்ம ஊரில் நெஞ்சில் எது வந்தாலும் அதற்கு முதலில் வைக்கும் பெயர், கேஸ். ஒரு சோடா, கொஞ்சம் ஓமவாட்டர், ரெண்டு ஏப்பம், சரியாயிடும். விமானத்தில் இந்த சந்தேகத்துக்கு நியாயமும் இருக்கிறது. காற்றழுத்தம் குறைந்தால் வாயு விரியும். சிப்ஸ் பாக்கெட் மேலே போனதும் தலையணை மாதிரி உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் வயிற்றில் இருக்கும் வாயுவும் அதேபோல சுமார் 30 சதவீதம் விரிகிறது. வயிறு உப்புசம், நெஞ்சுவரை அடைப்பது போன்ற உணர்வு எல்லாம் நிஜமாகவே வரும்.

பிரச்னை என்னவென்றால், மாரடைப்பும் சமயத்தில் இப்படியே வரும். நெஞ்சில் பாரம் வைத்ததுபோல் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, ஏசியிலும் குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல். இதில் எது இருந்தாலும், சில நிமிடங்களில் குறையவில்லை என்றால், அதை கேஸ் என்று தீர்மானிக்கும் உரிமை நமக்கு இல்லை. சுகர் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல், வெறும் களைப்பும் குமட்டலுமாகக்கூட வரலாம். உங்கள் அம்மாவுக்கு இரண்டும் பொருந்துகிறது, கவனித்தீர்களா?

'பக்கத்துல எல்லாரும் தூங்குறாங்க, எதுக்கு அந்தப் பொண்ணக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணிக்கிட்டு' என்று நம் பெற்றோர் சும்மா இருப்பார்கள். தரையில் இப்படி அரை மணி நேரம் பொறுத்தால் அரை மணி நேரம்தான் போகும். வானத்தில் அந்த அரை மணி நேரத்தில் விமானம் 400 கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். கீழே இருந்த நல்ல ஏர்போர்ட் பின்னால் போயிருக்கும், முன்னால் கடல் வந்திருக்கும். அதனால்தான் சொல்கிறேன், பெல் பட்டனை அமுக்குவது தொந்தரவே இல்லை. அது எதற்கு இருக்கிறதோ அதற்குத்தான் பயன்படுத்துகிறீர்கள்.

பெல்லை அமுக்கியபின்...

முதலில் வருவது கேபின் க்ரூ. டீ, சாண்ட்விச் கொடுப்பவர்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால், அவர்கள் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே முதலுதவி, நெஞ்சை அழுத்திச் செய்யும் சிபிஆர், ஆக்சிஜன் சிலிண்டரைப் பயன்படுத்துவது எல்லாவற்றிலும் பயிற்சி எடுத்தவர்கள். ஒருவர் நோயாளியிடம் நிற்பார், ஒருவர் பெட்டியை எடுத்து வருவார், ஒருவர் பைலட்டுக்குத் தகவல் சொல்வார்.

பல விமானங்களில் ஏ.இ.டி என்கிற கருவியும் இருக்கும். நின்றுபோன இதயத்துக்கு ஷாக் கொடுப்பது. 1991-லேயே குவான்டாஸ் நிறுவனம் இதை விமானத்தில் வைத்தது. அமெரிக்காவில் 2004-லிருந்து பெரிய பயணிகள் விமானங்களில் கட்டாயம். இதை இயக்க டாக்டராக இருக்க வேண்டியதில்லை. என்ன செய்ய வேண்டும் என்று அதுவே குரலில் சொல்லும். ஷாக் தேவையில்லாத இதயத்துக்கு அது ஷாக் கொடுக்காது.

க்ரூவுக்கான முதலுதவிப் பெட்டி தவிர, டாக்டர்கள் மட்டும் திறக்கிற மாதிரி இன்னொரு பெட்டி பெரிய விமானங்களில் இருக்கும். பிபி கருவி, ஸ்டெதஸ்கோப், சலைன், ஆஸ்பிரின், அலர்ஜிக்கும் தாழ்ந்த சுகருக்கும் கொடுக்கும் ஊசிகள் என்று அதில் இருப்பவை நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். எக்ஸ்ரே, ஸ்கேன் எதுவும் கிடையாது. இன்ஜின் சத்தத்தில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் சரியாகக் கேட்காது. நிறைய டாக்டர்கள் மணிக்கட்டில் நாடியைத் தொட்டுத்தான் பிபியைக் கணிப்பார்கள்.

விமானத்தில் டாக்டரே இல்லையென்றால்? மேலே சொன்ன ஆய்வில், 48 சதவீத சம்பவங்களில் பயணிகளில் ஒரு டாக்டர் உதவியிருக்கிறார். நர்ஸ்கள் முன்வந்தது தனி. 2022 ஜூலையில் டெல்லி - ஹைதராபாத் விமானத்தில் ஒருவருக்கு முடியாமல் போக, எழுந்து வந்த டாக்டர் வேறு யாருமில்லை, அப்போது தெலங்கானா ஆளுநராக இருந்த நம்ம தமிழிசை சௌந்தரராஜன். இப்படி எல்லோருக்கும் வாய்க்காது என்பதால் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க், பீனிக்ஸ் போன்ற ஊர்களில் 24 மணி நேரமும் எமர்ஜென்சி டாக்டர்கள் உட்கார்ந்திருக்கும் மையங்கள் உண்டு. விமான நிறுவனங்கள் அவர்களோடு ஒப்பந்தம் போட்டிருக்கும். க்ரூ ரேடியோவிலோ சாட்டிலைட் போனிலோ பேசி, நோயாளியின் நிலையைச் சொல்லி, அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்பார்கள்.

சமயத்தில் மருந்துப் பெட்டியே சக பயணிகள்தான். லண்டனிலிருந்து பெங்களூரு வந்த ஏர் இந்தியா விமானத்தில் ஒருவருக்கு இரண்டு முறை இதயம் நின்றது. அம்மாவை ஊருக்குக் கூட்டிவந்துகொண்டிருந்த பர்மிங்ஹாம் டாக்டர் விஸ்வராஜ் வேமலா, மணிக்கணக்கில் அவரைக் காப்பாற்றி மும்பையில் இறக்கினார். இதயத்துடிப்பையும் ஆக்சிஜனையும் சுகரையும் பிபியையும் பார்க்கத் தேவைப்பட்ட கருவிகள், பயணிகள் தங்கள் பைகளிலிருந்து எடுத்துக் கொடுத்தவை. நீங்கள் அம்மாவுக்குக் கொடுத்தனுப்பும் சுகர் மெஷின் இன்னொருவருக்கும் உதவலாம்.

எல்லாக் கதையும் சுபமாக முடிவதில்லை. 2023 ஆகஸ்ட்டில் பெங்களூரு - டெல்லி விஸ்தாரா விமானத்தில், இதயக் கோளாறுக்கு ஆபரேஷன் ஆகியிருந்த ஒரு குழந்தைக்கு மூச்சு நின்றது. அதே விமானத்தில் டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். சுமார் 45 நிமிடம் போராடி உயிரை மீட்டார்கள். விமானம் நாக்பூருக்குத் திருப்பப்பட்டு, குழந்தை ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டது. சோஷியல் மீடியாவில் எல்லோரும் ஷேர் செய்தது அதுவரைதான். சில நாள்கள் கழித்து, நாக்பூரிலேயே அந்தக் குழந்தை இறந்துபோனது.

ஏன் உடனே தரையிறக்க மாட்டேங்கிறாங்க?

உண்மையில், அந்த ஆய்வில் விமானம் வேறு ஊருக்குத் திருப்பப்பட்டது 7 சதவீத சம்பவங்களில்தான். கடைசி முடிவு பைலட்டுடையது. டாக்டர் ஆலோசனை மட்டும்தான் சொல்ல முடியும். 36,000 அடியிலிருந்து இறங்கி நிற்கவே வழக்கமாக 20, 30 நிமிடம் ஆகும். நள்ளிரவில் ஒரு சின்ன ஏர்போர்ட்டில் இறங்கி, அந்த ஊரில் இதய சிகிச்சை வசதியே இல்லையென்றால் இறங்கி என்ன பயன்? அதோடு, நீண்ட தூர விமானம் கிளம்பிய சில மணி நேரத்தில் டேங்க்கில் எரிபொருள் நிறைய இருக்கும். அந்த எடையோடு தரையிறங்குவது விமானத்துக்கு ஆபத்து. பெரிய விமானங்கள் பலவற்றில் எரிபொருளை வானத்திலேயே கொட்டிவிட்டு இறங்கும் வசதி உண்டு. நாம் உள்நாட்டில் போகிற ஏர்பஸ் ஏ320, போயிங் 737-ல் அந்த வசதி கிடையாது. எடை அதிகமாக இருந்தும் இறங்கினால், அடுத்து விமானத்தைப் பரிசோதித்துவிட்டுத்தான் கிளப்ப முடியும். செலவும் ஏராளம். ஆனால், உயிருக்கு ஆபத்து என்று தெளிவாகத் தெரிந்தால் இறக்கிவிடுவார்கள். அந்தத் தெளிவு சீக்கிரம் கிடைப்பதுதான் கஷ்டம்.

டிக்கெட் போடும்போதே...

அம்மா விஷயத்துக்கு வருவோம். நடுவானில் நம்மால் எதுவும் செய்ய முடியாது. கிளம்புவதற்கு முன்பு நிறைய செய்யலாம்.

சமீபத்தில் மாரடைப்பு வந்தவர், வயிற்றிலோ நெஞ்சிலோ ஆபரேஷன் ஆகி சில நாள்களே ஆனவர், நுரையீரலில் காற்றடைப்பு முழுசாகச் சரியாகாதவர், விழித்திரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வாயு ஏற்றப்பட்டவர்... இவர்கள் எல்லாம் டாக்டரைக் கேட்காமல் ஏறவே கூடாது. கடைசியில் சொன்னது நிறைய பேருக்குத் தெரியாது. அந்த வாயு விரிந்தால் பார்வையே போகலாம். அந்தமானில் ஸ்கூபா டைவிங் போய்விட்டு அன்றைக்கே ஃப்ளைட் பிடிக்கும் யூத்களும் கவனிக்க. 24 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக 28 வாரத்துக்கு மேல் டாக்டர் சர்ட்டிஃபிகேட் கேட்பார்கள். விதிமுறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் டிக்கெட் போடும்போதே பாருங்கள். உடல்நிலை சந்தேகமாக இருப்பவர்களுக்கு மெடிஃப் என்று ஒரு படிவம் உண்டு. டாக்டர் நிரப்பிக் கொடுத்தால், விமான நிறுவனமே பார்த்து, ஆக்சிஜன் தேவையா, வீல்சேர் தேவையா என்று ஏற்பாடு செய்யும். 'ஏத்த மாட்டேன்னு சொல்லிட்டா?' என்ற பயத்தில் இதை மறைப்பவர்கள் நிறைய. ஏர்போர்ட்டில் ஏற்றாமல் விடுவது அட்லான்டிக் மேலே மூச்சுத் திணறுவதைவிட நல்லது.

மாத்திரை விஷயத்தில் நம் வீடுகளில் நடக்கும் ஒரே தப்பு, எல்லாவற்றையும் பெரிய சூட்கேஸில், பருப்புப் பொடிக்கும் வத்தலுக்கும் நடுவில் வைப்பது. இன்சுலின், இன்ஹேலர், பிபி மாத்திரை எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும். அந்தப் பையும் தலைக்கு மேலே லாக்கரில் இல்லாமல் காலுக்குக் கீழே. சுகருக்கு இன்சுலின் போடுபவர் என்றால், டைம் மாறும்போது எந்த நேரத்துக்கு எவ்வளவு என்பதை டாக்டரிடம் முன்பே எழுதி வாங்குங்கள். சாப்பாடு வருமென்று நினைத்து ஊசி போட்டு, சாப்பாடு லேட்டானால் சுகர் தாழ்ந்துவிடும். பையில் நாலு பிஸ்கட், மிட்டாய் இருக்கட்டும்.

ஜன்னல் சீட் அழகுதான். அம்மாவுக்கு நடைபாதையை ஒட்டிய சீட் போடுங்கள். அப்போதுதான் தண்ணீர் குடிப்பார், எழுந்து நடப்பார். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு இரண்டு மடங்காகிறது என்று 2007-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அப்போதும் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் வரும். ஆம்னி பஸ்ஸுக்கும் இதே கணக்குதான் என்பது கூடுதல் தகவல்.

அப்புறம், ஒரு அட்டை. என்னென்ன நோய், என்னென்ன மாத்திரை, எதற்கு அலர்ஜி, உங்கள் போன் நம்பர் எல்லாவற்றையும் இங்கிலீஷில் எழுதி பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள். இங்கிலீஷ் பேசத் தயங்கும் அம்மாக்கள் நன்றாக நடக்க முடிந்தும் வீல்சேர் கேட்டு வாங்குவதை நக்கல் அடிப்பவர்கள் உண்டு. எனக்கு அது புத்திசாலித்தனமாகத்தான் தெரிகிறது. வாய் பேச ஒரு ஆள் கூடவே வருகிறாரே. ஆனால், அந்த ஆள் விமானத்தின் கதவு வரைதான். உள்ளே அந்த அட்டைதான் பேசும்.

பாத்ரூம் பற்றியும் அவரிடம் சொல்லிவிடுங்கள். தலை சுற்றினாலோ வாந்தி வந்தாலோ எழுந்து அங்கே ஓடக் கூடாது. அந்தக் கதவை வெளியிலிருந்து க்ரூவால் திறக்க முடியும் என்றாலும், உள்ளே விழுந்தவரை அவ்வளவு சின்ன இடத்திலிருந்து தூக்குவது பெரும்பாடு. உட்கார்ந்த இடத்திலேயே பெல்.

பக்கத்து சீட்டில் நடந்தால்?

போனை எடுத்து வீடியோ எடுக்காதீர்கள். நடைபாதையில் நிற்காதீர்கள். ஒரு ஆள் மண்டியிடவே அங்கே இடமில்லை. மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுப்பது, பல்லுக்கு நடுவில் ஸ்பூன் வைப்பது இரண்டும் வேண்டாம். தலையில் அடிபடாமல் பார்த்துக்கொண்டு, அடங்கியபின் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தால் போதும். உங்கள் அப்பாவின் சார்பிட்ரேட்டை எடுத்து நீட்டுவதும் ஆபத்து. பிபி ஏற்கெனவே குறைந்திருப்பவருக்கு அது இன்னும் இறக்கிவிடும்.

நீங்கள் டாக்டர் இல்லைதான். ஆனால், சிங்கப்பூர், துபாய் வழியாகப் போகும் விமானத்தில் தனியாக வரும் ஒரு பாட்டிக்கு முடியாமல் போய், க்ரூவில் யாருக்கும் தமிழ் தெரியவில்லை என்றால், அந்த வரிசையில் டாக்டருக்கு அடுத்து அதிகம் தேவைப்படுகிற ஆள் நீங்கள்தான். எழுந்து போய்ச் சொல்லுங்கள். வலி எப்போது ஆரம்பித்தது, கடைசியாக எப்போது சாப்பிட்டார், தினமும் என்ன மாத்திரை போடுகிறார்... இந்த மூன்றையும் தமிழில் கேட்டு அவர்களிடம் சொல்லுங்கள். 'ஒண்ணுமில்ல தம்பி, கேஸ்தான்' என்று பாட்டி சொன்னால், அதையும் அப்படியே மொழிபெயர்த்துவிட்டு, அவருக்கு வியர்க்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.